ஐம்பத்தாறு கிலோ

பதினைந்து டயப்பர். பயணம் பதினோரு மணி நேரம், மணிக்கு ஒன்று. விமானம் தாமதமானால் என்று கூடுதலாக நான்கு.

அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து எண்ணி அடுக்கினாள். மகன் பட்டாணி ஒரு டயப்பரை உருவி வாயில் வைத்தான். அவனுக்குப் பத்து மாதம். இந்த வாரம் உலகத்தில் உள்ளதெல்லாம் அவன் வாய்க்குத்தான்.

போன மாதம் வேலைக்கான ஆணை வந்தது. போன வாரம் விசா வந்தது. வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் பிரிவு. இரண்டு வருட ஒப்பந்தம்.

ஐந்து வருடத்துக்கு முன்பும் அந்த மருத்துவமனை அவளைக் கூப்பிட்டது. அப்போது வயிற்றில் மூத்த மகள் வாலு இருந்தாள். வர இயலாது என்று எழுதிவிட்டாள். இந்த முறை அப்படி எழுதவில்லை. வீட்டில் மூன்று நாள் பேச்சு நின்றது. நான்காம் நாள் கணவன்தான் வாயைத் திறந்தான். "சரி. ரெண்டையும் கூட்டிட்டு நீ முன்னால போ. நாலு மாசத்துல இங்க முடிச்சுட்டு வந்துடறேன்."

அந்தச் 'சரி'யை அவள் அப்படியே நம்பினாள்.

மாலை ஐந்தரைக்கு விமானம். ஒன்றரைக்கு டாக்ஸி. இப்போது காலை எட்டே கால்.

கைப்பை அவள் பொறுப்பு. டயப்பர் ஒன்று, துடைக்க ஈரத்தாள் சின்னப் பொட்டலம் ஒன்று, பிளாஸ்டிக் உறை ஒன்று. மூன்றையும் ஒரு சிறு பையில் போட்டுக் கைப்பையின் வாயிலேயே வைத்தாள். விமானத்துக் கழிப்பறையில் பெரிய பையோடும் பிள்ளையோடும் நுழைய முடியாது. பால் பவுடரை வேளைக்கு ஒன்றாக ஐந்து டப்பாக்களில் அளந்தாள். ஒன்றின் மூடியில் 'இறங்கும்போது' என்று எழுதினாள். இறங்கும்போது குழந்தை எதையாவது உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காது அடைக்கும், வலிக்கும். பட்டாணிக்கு மாற்றுத்துணி மூன்று, வாலுவுக்கு இரண்டு, தனக்கு ஒரு சட்டை. குழந்தை வாந்தி எடுப்பது பெரும்பாலும் தன்மேல் அல்ல.

பெரிய பெட்டிகள் கணவன் பொறுப்பு. அதில் அவன் யாரையும் கைவைக்க விடமாட்டான். கப்பலில் போகும் இயந்திரங்களை மரப்பெட்டியில் அடைக்கும் நிறுவனத்தில் சூப்பர்வைசர். பதினோரு வருடம். பெட்டிக்கு ஒரு பட்டியல், மூடியின் உட்பக்கம் ஒட்டப்படும். என்ன பொருள், எத்தனை, என்ன எடை. அவன் எழுதிய எடை ஒரு துறைமுகத்திலும் தப்பாகவில்லை.

மூன்று பெட்டிகள் சுவரோரம் நின்றன. அவளுக்குக் கறுப்பு. வாலுவுக்கு மஞ்சள். பட்டாணிக்குச் சின்னதாக ஒரு நீலம்.

"காய்ச்சல் மருந்து எந்தப் பெட்டில இருக்கு?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"லிஸ்ட்டப் பாரு. பிரிச்சுக் கலைச்சுடாத."

கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உருட்டிய துணிகள் ஆணி அடித்தாற்போல் நின்றன. மூடியில் பட்டியல். முப்பத்தெட்டு வரிகள். பதினேழாவது வரியில் காய்ச்சல் மருந்து. கண் அதோடு நிற்காமல் கீழே போனது.

பெட்டி 1: 22.8
பெட்டி 2: 9.9
மொத்தம்: 32.7
அனுமதி: 33.0

அவள் மறுபடி படித்தாள்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அவளுக்கு இருபத்து மூன்று. சீட்டு உள்ள பிள்ளைக்கு இருபத்து மூன்று. மடிக் குழந்தைக்குப் பத்து. ஐம்பத்தாறு.

எழுந்து மஞ்சள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு விரலுக்கே தூக்கிக்கொண்டு வந்தது.

சமையலறையில் அவன் பாட்டிலைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தான்.

"மஞ்சப் பெட்டி காலியா இருக்கு."

அவன் திரும்பவில்லை. "ம்."

"என்ன ம்? அனுமதி முப்பத்து மூணுன்னு எழுதியிருக்கீங்க."

"தண்ணி கொதிக்குது. தள்ளி நில்லு."

"ஐம்பத்தாறு எங்க போச்சு?"

அவன் இடுக்கியால் பாட்டிலை எடுத்தான். துணியில் கவிழ்த்தான். இன்னொன்றை எடுத்தான். அதையும் கவிழ்த்தான். அவசரமே இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"வாலு டிக்கெட் என்னாச்சு?"

"மத்தியானம் சொல்லலாம்னு இருந்தேன்."

"மத்தியானம் எப்போ? டாக்ஸி வந்து ஹாரன் அடிக்கிறப்பவா?"

அவன் அடுத்த பாட்டிலை எடுத்தான். அதுதான் பதில்.

வாசல் மணி அடித்தது. நாத்தனார். அவனுக்கு அக்கா. நாலு தெரு தள்ளி மழலையர் பள்ளி நடத்துகிறாள். நாற்பது பிள்ளைகள். வாலுவும் அங்கேதான் போகிறாள். இன்று வேலை நாள். எட்டரைக்குப் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க வேண்டியவள், கையில் ஒரு கட்டைப்பையோடு இங்கே நின்றாள்.

அந்தப் பையைப் பார்த்ததும் மிச்சமும் புரிந்தது. வாலுவின் துணிகளை எடுத்துப்போக வந்த பை.

"என்னம்மா, எல்லாம் ரெடியா?" என்றபடி நாத்தனார் உள்ளே வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டியாடா?"

"அவளே பாத்துட்டா."

"எதைப் பாத்தா?"

"லிஸ்ட்டை."

"லிஸ்ட்ல ஏண்டா எழுதின?"

"முப்பத்து மூணுதான் அனுமதி. ஐம்பத்தாறுன்னு எப்படிக்கா எழுத முடியும்?"

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "பாத்தீங்களா அண்ணி, உங்க தம்பி நேர்மையை. பொண்டாட்டியை ஏமாத்தலாம். தராசை ஏமாத்தக் கூடாது."

"ஏமாத்தறதுன்னு ஏன் பெரிய வார்த்தையெல்லாம் பேசற?" நாத்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பள்ளியில் பெற்றோரோடு பேசும் குரல் வந்தது. "உட்காரு. பொறுமையாக் கேளு. கைக்குழந்தையோட பதினோரு மணி நேரம். கூட வாலு வேற. அதுக்கு இந்தப் பேரை வச்சதே நீதான். ஒத்தையாளா சமாளிப்பியா? போன மாசம்தான் அதுக்குக் காதுல சீழ் வச்சு ராத்திரி முழுக்கக் கத்துச்சு. விமானம் ஏறினா காது என்னாகும்?"

"அண்ணி. காது என் தொழில்."

"தொழில் வேற, பிள்ளை வேற."

"போன வாரம் நானே செவிப்பறை அழுத்தம் பாத்தேன். ரெண்டு காதும் சரியா இருக்கு. எழுதி ஃபைல்ல வச்சிருக்கேன். படிச்சுக் காட்டவா?"

"நாலு மாசம்தானே. இவன் வர்றப்ப கூட்டிட்டு வரப்போறான். என் வீட்ல கட்டில்கூடப் போட்டாச்சு."

"கட்டில் போட்டாச்சா."

"ஜன்னல் பக்கத்துல."

அவள் கணவனைப் பார்த்தாள். "எப்போ கேன்சல் பண்ணீங்க?"

"முந்தாநாள்."

முந்தாநாள். அன்றைக்குத்தான் அவளும் அவனும் வாலுவுமாகத் தள்ளுவண்டியை மடித்துப் பழகினார்கள். விமான வாசல்வரை அதைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஒற்றைக் கையால் மடிக்கத் தெரிய வேண்டும். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னான். ஒன்பது வினாடி. மடித்த மகிழ்ச்சியில் அவள் குதித்தாள். அவனும் கைதட்டினான்.

"கைதட்டினீங்களே," என்றாள்.

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

டிக்கெட் ஏஜென்டுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். மூன்று பேரும் கேட்கட்டும்.

"மேடம், நீங்க பிள்ளையை விட்டுட்டுப் போறதா சார் சொன்னாரே. மனசு மாறிட்டீங்களா?"

"நான் மாறல. சீட்டு இருக்கா?"

விசைப்பலகைச் சத்தம். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. முப்பத்தொண்ணாவது வரிசை. நீங்க பன்னெண்டுல இருக்கீங்க. கவுண்டர்ல கேட்டா பக்கத்துல மாத்தித் தருவாங்க. இந்தக் கட்டணத்துக்குப் பெட்டி கிடையாது மேடம், கைப்பை மட்டும்தான்."

"போடுங்க."

"ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு..."

"போடுங்கன்னேன்."

"சரி மேடம். அப்பா கூட வரலைங்கறதால சம்மதக் கடிதம் கேப்பாங்க. ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து. முன்னாடியே குடுத்திருப்பாரு, பாருங்க."

போனை வைத்தாள். ஃபைலைத் திறந்தாள். கடிதம் இருந்தது. தட்டச்சு செய்தது, அழகாக. முந்தாநாள் தேதி. பட்டாணியின் பெயர் மட்டும்.

"பழைய கடிதம் எங்க?"

"கிழிச்சுட்டேன்."

"ரெண்டு பேர் பேரும் இருந்ததை."

"ஆமா."

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. ஏழு வருடத்தில் முதல் முறையாக அவனை நீ என்றாள். "மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. காதுவலி, கட்டில், கைக்குழந்தை, இதெல்லாம் உன் அக்கா பேச்சு. உன் பேச்சு என்ன?"

பட்டாணி அழ ஆரம்பித்தான். நாத்தனார் எழுந்து அவனைத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை.

"கத்தாத," என்றான் அவன்.

"சொல்லு."

"ரெண்டு பிள்ளையும் உன்கூட இருந்தா நீ திரும்பி வரமாட்ட."

நாத்தனார் பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாலு மாசத்துல நான் அங்க வருவேன்னு சொன்னேன். எனக்கே தெரியல வருவேனான்னு," என்றான். "அங்க எனக்கு என்ன வேலை இருக்கு? நீ அங்கேயே நின்னுட்டா நான் என்ன பண்றது? ஒரு பிள்ளை இங்க இருந்தா நீ வந்துதான் ஆகணும்."

"பணயம்."

"அப்படி இல்ல."

"பணயம்தான். அதுக்கு வேற பேரு கிடையாது. என்கிட்ட வந்து, போகாதடி, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். ஆனா உன்னை மனுஷன்னு நெனச்சிருப்பேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளறைக்குப் போனாள்.

அலமாரியின் இரண்டாவது தட்டில் வாலுவின் துணிகள் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. மூன்று நாளாக இந்த அறையில்தான் படுத்து எழுந்தாள். அலமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவன் பொறுப்பு என்று இருந்துவிட்டாள். தன்மீதும் கோபம் வந்தது. துணிகளைக் கை நிறைய அள்ளிக் கட்டிலில் போட்டாள்.

"அதை எடுக்காதம்மா."

வாலு கதவருகில் நின்றாள். நாலரை வயது. இரவு உடையிலேயே இருந்தாள். தலைமுடி ஒரு பக்கம் படிந்து ஒரு பக்கம் எழுந்து நின்றது.

"ஏண்டா?"

"நான் வரலையே."

அவள் கை நின்றது. "யாரு சொன்னா?"

"சொல்லக் கூடாது."

"அம்மாகிட்ட சொல்லலாம்."

"அம்மாகிட்டதான் சொல்லக் கூடாது."

அவள் மண்டியிட்டாள். வாலுவின் முகம் நேராக வந்தது. போன வாரம் முழுக்க இந்தப் பெண் வாய் ஓயவில்லை. விமானத்தில் ஜன்னலைத் திறக்கலாமா? மேகத்தில் மோதினால் நனையுமா? ஓட்டுகிறவருக்கு ஒன்றுக்கு வந்தால் யார் ஓட்டுவார்கள்? முந்தாநாளிலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. பயண வேலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை. நிம்மதி என்றுகூட நினைத்தாள்.

"அத்தை சொன்னாங்களா?"

வாலு தரையைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நான் அழுதா உனக்கு வேலை போயிடும்னு."

அவள் வாலுவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நான் அழலம்மா," என்றாள் வாலு. "முந்தாநாளும் அழல. நேத்தும் அழல. பாத்ரூம்ல மட்டும் கொஞ்சம் அழுதேன். தண்ணி திறந்து விட்டுட்டு. வேலை போகாதுல்ல?"

"போகாது."

"அப்ப நான் வரேனா?"

"வர்ற."

"பெட்டி காலியா இருக்கே."

"என் பெட்டில வர்ற."

வாலு யோசித்தாள். "நானேவா, என் துணியா?"

"ரெண்டும்."

வாலு சிரிக்கப் பார்த்தாள். உதடு பிதுங்கி அழுகையாகிவிட்டது. சத்தமாக, வாயைத் திறந்து. இரண்டு நாள் அழுகை. அவள் அப்படியே அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நேரமும் பார்க்கவில்லை.

பிறகு வாலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணி. இவகிட்ட என்ன சொன்னீங்க?"

நாத்தனார் பட்டாணியைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். "பக்குவமாத்தான் சொன்னேன். திடீர்னு விட்டுட்டுப் போனா பிள்ளை தாங்காது. முன்கூட்டியே தயார் பண்ணணும். இருபது வருஷமா இதான் என் வேலை."

"அழுதா அம்மாவுக்கு வேலை போயிடும்னு சொல்றதுதான் பக்குவமா?"

அவன் நிமிர்ந்தான். "அக்கா?"

"அழக் கூடாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா."

"அவகிட்ட நான்தான் சொல்லுவேன்னு சொன்னேன்ல? நீ ஏன்..."

"நீ எப்ப எதைச் சொல்லியிருக்க? பொண்டாட்டிகிட்டயே சொல்லத் துப்பில்ல. எல்லாத்தையும் நான்தான் இழுத்துப் போட்டுச் செய்யணும்."

"பிள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டறீங்க," என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "அவனைக் குடுங்க."

நாத்தனார் பட்டாணியைக் கொடுத்தாள். கை சும்மா ஆனதும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டைப்பையின் காதைப் பிடித்துக்கொண்டாள். "என்னை வில்லி ஆக்கிட்டீங்க," என்றாள். "நாளைக்கு அங்க ஒரு ஜுரம் வந்தா, பிள்ளையை மடில போட்டுட்டு நீ யாரை நினைப்பேன்னு பாக்கறேன்."



அவள் இரண்டு பிள்ளைகளையும் பாயில் விட்டாள். கறுப்புப் பெட்டியை இழுத்தாள். திறந்தாள். கவிழ்த்தாள்.

முப்பத்தெட்டு வரிகளும் தரையில் விழுந்தன.

"ஐயோ," என்றான் அவன். அவனை மீறி வந்தது.

குக்கர் முதலில் வெளியே போனது. மூன்று கிலோ. அவன் ஆசையாக வாங்கி பபிள் ஷீட் சுற்றி வைத்தது. பிறகு அவளுடைய குளிர் கோட்டு. புத்தகங்கள். செருப்பு இரண்டு ஜோடி. புடவைகள் எல்லாமே. வேலைக்குப் போடும் உடையில் இரண்டு செட்டை மட்டும் உள்ளே வைத்தாள். மீதி இடமெல்லாம் வாலுவுக்கு. அடுக்கவில்லை, அமுக்கினாள்.

அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். "சக்கரம் இருக்கிற பக்கம் கனமானது போகணும். இல்லேன்னா கவுந்துடும்."

"கையை எடு."

"அந்தக் கோட்டையாவது வச்சுக்க. அங்க குளிரும்."

"குளிரட்டும்."

"உனக்கு நெஞ்சு சளி..."

"பேனாவை எடு."

"என்ன?"

"பேனா. பேப்பர். ரெண்டு பேர் பேரும் எழுது. கையெழுத்துப் போடு."

"எழுதாதடா," என்றாள் நாத்தனார். "இன்னிக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு நீயும் நானும் போட்டோவுலதான் பிள்ளைங்களைப் பாக்கணும்."

அவன் அக்காவைப் பார்த்தான். பாயில் வாலு ஓர் உருட்டிய துணியைப் பிரித்துத் தம்பிக்கு மறுபடி உருட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா செய்வது போலவே, ஓரத்தை மடித்து. கண்கள் இன்னும் வீங்கியிருந்தன. அவள் அப்பா பக்கம் திரும்பவேயில்லை.

அவன் பேனாவைத் தேடினான். தொலைபேசிக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். கிழித்த ஓரத்தை நகத்தால் நேராக்கினான். எழுதினான். இரண்டு பெயர், இரண்டு பாஸ்போர்ட் எண், தன் கைபேசி எண், தேதி, கையெழுத்து.

நீட்டினான். அவள் முழுவதும் படித்தாள். இனி அவன் எழுதியதைப் படிக்காமல் எதையும் மடித்து வைக்கப் போவதில்லை.

ஒன்று முப்பத்தைந்துக்கு டாக்ஸி வந்தது. "நானும் வரேன், ஏர்போர்ட் வரைக்கும்," என்றான். "வேணாம்," என்றாள். கறுப்புப் பெட்டியையும் நீலப் பெட்டியையும் அவன்தான் கீழே இறக்கினான். டிக்கியில் வைத்தான். சக்கரப் பக்கம் கீழே வருமாறு திருப்பி வைத்தான். வாலுவின் ஜன்னல் அருகே நின்றான். வாலு அம்மாவைப் பார்த்தாள். வாலு கையை மட்டும் ஆட்டினாள்.

"சார் வரலையா?" என்றார் டிரைவர், தெரு திரும்பியதும்.

"இல்ல."

"ரெண்டு குட்டிங்களோட தனியா! தைரியம்தான் உங்களுக்கு."

"அண்ணே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"சரிம்மா," என்றார் அவர். விமான நிலையம்வரை வாய் திறக்கவில்லை.

கவுண்டர் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றார்கள். வண்டியில் பட்டாணி தூங்கினான். கறுப்புப் பெட்டியின் மேல் வாலு உட்கார்ந்திருந்தாள். தராசில் நீலப் பெட்டி பத்துக்குள் அடங்கியது, கறுப்பு இருபத்து மூன்று சொச்சம் காட்டியது. கவுண்டரில் இருந்த பெண் கண்டுகொள்ளவில்லை. இளம்பெண், கண்ணில் தூக்கம். பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினாள். பன்னிரண்டாம் வரிசையிலேயே பக்கத்து இருக்கைக்கு மாற்றித்தர முடியும் என்றாள். பிறகு கடிதத்தை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பாப்பா டிக்கெட் முந்தாநாள் கேன்சல் ஆயிருக்கு. இன்னிக்குக் காலைல போட்டிருக்கு. கடிதமும் கையால எழுதியிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க மேடம், அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"கேளுங்க."

கவுண்டர் பெண் எண்ணை அழுத்தினாள். மணி அடிப்பது வெளியே கேட்டது. நாலாவது மணியில் எடுக்கப்பட்டது. பேசியது பெண் குரல்.

அவளுக்கு அந்தக் குரலை அடையாளம் காண ஒரு சொல் போதும்.

"சார் இல்லீங்களா? விமான நிலையத்துலேருந்து பேசறோம்... இல்லம்மா, பிள்ளையோட அப்பாகிட்டதான் பேசணும்... நீங்க சொல்ல முடியாதும்மா." கவுண்டர் பெண் நிமிர்ந்தாள். "எதுக்குன்னு கேக்கறாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களா?"

"குடுங்க."

"அது வந்து, நாங்க குடுக்கக் கூடாது..."

"ஒரு நிமிஷம்."

அவள் கை நீட்டியபடி நின்றாள். கவுண்டர் பெண் பின்வரிசையைப் பார்த்தாள். மேலதிகாரி யாரும் இல்லை. போனைக் கொடுத்தாள்.

"அண்ணி, அவர்கிட்ட குடுங்க."

எதிர்ப்பக்கம் மூச்சு. பிறகு கைமாறும் சத்தம்.

"நான்தான்," என்றான் அவன்.

"இவங்க கேப்பாங்க. சரின்னு சொல்லு."

"சொல்றேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடு."

"என்ன?"

"திரும்பி வருவேன்னு சொல்லு. அது போதும். உடனே சரின்னுடறேன்."

ஒரு சொல்தான். வருவேன். அதைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் போர்டிங் பாஸ் கையில். வாலு அவள் கையைப் பிடித்திருந்தாள். அப்பா குரல் கேட்கிறதா என்று தலையைச் சாய்த்தாள். திரும்பி வருவாளா என்பது அவளுக்கே காலையில் தெரிந்திருந்தது. அப்போது கேட்டிருந்தால் வருவேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். கவுண்டர் பெண்ணிடம் நீட்டினாள். எதிர்ப்பக்கமும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இவர்தான் அப்பா. கேளுங்க. சரின்னா பெட்டிகளை உள்ள அனுப்புங்க. இல்லேன்னா இறக்கிக் குடுங்க. ஒருத்தியை விட்டுட்டு நான் போகல. மூணு பேருமே போகல. ஆனா இங்கேருந்து அந்த வீட்டுக்கும் போகல."

கவுண்டர் பெண்ணுக்குத் தூக்கம் கலைந்திருந்தது. போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"சார், நீங்க பிள்ளையோட அப்பாதானே? பெரிய பாப்பா அம்மாகூடப் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

வாலு அவள் கையை இறுக்கினாள்.

"சார், கேக்குதா?" என்றாள் கவுண்டர் பெண். "லைன்ல இருக்கீங்களா?"